எட்டு மாத நோட்டு

திண்டுக்கல்
9.6.2024

அன்பு ஆல்வினுக்கு,

அப்பா எழுதுகிறேன். போன் மணி அடித்தாலே நீ பதறுவதாக மலர்விழி அக்கா சொன்னாள், அதனால் கடிதம். அய்யலூரில் அவள் வீட்டில் தூக்கம் வருகிறதா? சந்தை நாளில் ஆட்டுச் சத்தம் ஓயாதே.

புதன்கிழமை ஆஸ்பத்திரியில் நீ பாதியில் எழுந்து போனது ஏன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. உனக்குக் குரல்கள் கேட்கத் தொடங்கிய நாளிலிருந்து எட்டு மாதம் நான் எழுதிவைத்த நோட்டைத்தான் டாக்டரிடம் கொடுத்தேன். தேதி, நேரம், நீ பேசியது, சாப்பிட்டது எல்லாம் அதில் உண்டு. அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "இம்புட்டு எழுதியிருக்கீங்க சார், முதல் மாசமே கூட்டிட்டு வந்திருக்கலாமே" என்றார். இந்த நோய் முதல் தடவை வரும்போதே வைத்தியம் ஆரம்பித்தால் நன்றாகத் தேறுமாம். இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லையாம். மாத்திரையை விட்டுவிடாதே.

உன் கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டிருக்கிறேன். வீட்டுக்கு எப்போது வருகிறாய்?

உன் அப்பா,
சேவியர்


அய்யலூர்
17.6.2024

அப்பா,

தூங்குகிறேன். மாத்திரை சாப்பிடுகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் உங்களிடம் வந்து, "நான் பேசுறத எல்லாம் யாரோ எழுதுறாங்கப்பா" என்று அழுதேன். "யாரும் எழுதல அப்பு, செத்த நேரம் படு" என்று முதுகைத் தடவிக்கொடுத்தீர்கள்.

அன்றைக்கும் எழுதினீர்களா?

ஆல்வின்


திண்டுக்கல்
22.6.2024

அன்பு ஆல்வின்,

நான்கு தாள்களைக் கிழித்துப் போட்ட பிறகு இதை எழுதுகிறேன்.

ஆம், எழுதினேன். நீ படுத்ததும் அடுக்களையில் உட்கார்ந்து, "தன் பேச்சை யாரோ எழுதுவதாகச் சொல்கிறான்" என்று எழுதினேன். அது நான்தான் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. இதை நம்பு என்று உன்னிடம் கேட்க எனக்குத் தைரியமில்லை.

வேளாண்மை அலுவலகத்தில் முப்பது வருடம் மழை அளவு குறித்தவன் நான். மழையைக் குறித்துவைத்தால் போதும். பெய்வதை நிறுத்தச் சொல்லி யாரும் கேட்கமாட்டார்கள். உன்னையும் அப்படியே குறித்துக்கொண்டிருந்தேன். டாக்டர் என்ன பெயர் சொல்வாரோ என்று பயம். இன்னும் ஒரு வாரம் பார்ப்போம், இன்னும் ஒரு வாரம் என்று நோட்டு நிறைந்துவிட்டது.

அதைத் திரும்ப வாங்கி எரித்துவிடட்டுமா? நீ சொல்கிறபடி செய்கிறேன்.

அப்பா


அய்யலூர்
5.8.2024

அப்பா,

நோட்டு டாக்டரிடமே இருக்கட்டும். அவருக்கு அது உதவியாக இருக்கிறதாம். உங்கள் மேல் கோபம் இல்லை.

முன்பு நாலைந்து குரல்கள் கேட்கும். எல்லாம் போய்விட்டன. காகிதத்தில் பேனா ஓடும் சத்தம் மட்டும் போகவில்லை. அது நோயா, நீங்களா என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. உங்கள் கடிதம் வரும் நாளில் அதிகமாகக் கேட்கிறது.

கட்டில் விரிப்பை மடித்து வைத்துவிடுங்கள். இனி எழுத வேண்டாம் அப்பா.

ஆல்வின்