வாசிக்காமலே அழித்த உன் குறிப்பு

மாப்ள,

இன்று காலை நாகல் நகருக்கு ஷேர் ஆட்டோவில் வந்தபோது பக்கத்தில் உட்கார்ந்தவர் நீ போடும் அதே அத்தரைப் போட்டிருந்தார். நம் ஆபீஸ் மாடிப்படி ஏறும்வரை அந்த வாசனை என் சட்டையை விடவில்லை. வந்து உட்கார்ந்து ஒரு மணி நேரமாகிறது, ஒரு வேலையும் ஓடவில்லை. யாரிடம் சொல்லி அழ? உனக்கே எழுதுகிறேன்.

அகரம் பக்கத்துப் பூ விவசாயிகள் நாளைக்கு எத்தனை கூடை வரும் என்று மார்க்கெட்டுக்கு முன்கூட்டியே சொல்ல ஒரு ஆப். அதன் நிரலை நாம் இரண்டு பேரும் சர்வரில் ஒரே கிளையில், அதாவது இருவருக்கும் பொதுவான ஒரே பிரதியில், எழுதினோம். மாற்றம் செய்து சர்வரில் ஏற்றும் ஒவ்வொரு முறையும் கூடவே ஒரு குறிப்பு எழுத வேண்டும். நான் ‘திருத்தம்’ என்று ஒற்றை வார்த்தையில் முடித்துக்கொள்வேன். நீ கதையே எழுதுவாய். ‘கூடைக் கணக்கு சரியாயிருச்சு. நேத்து தப்பா வந்ததுக்கு அப்புதான் காரணம், நான் இல்ல’ என்று ஒருமுறை எழுதியிருந்தாய். அப்பு என்றால் நான்.

எனக்கு எல்லாம் சுத்தமாக இருக்க வேண்டும். பத்துச் சின்ன மாற்றங்களை ஒன்றாகச் சேர்த்து, குறிப்புகளைச் சுருக்கி, கிளையின் வரலாற்றையே திருத்தி எழுதுவேன். உனக்கு அது ஆகவே ஆகாது. “ஏலே, நாம முட்டாத்தனம் பண்ணதெல்லாம் எங்க போச்சு?” என்று சண்டைக்கு வருவாய். கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். “கிளையில கை வைக்கிறேன்” என்று நான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நீ “வையி” என்ற பிறகுதான் தொட வேண்டும்.

அன்று நீ வரவில்லை. நெஞ்சு கரிக்கிறது, வீட்டிலிருந்தே பார்க்கிறேன் என்று செய்தி அனுப்பியிருந்தாய். நான் பழக்கதோஷத்தில் “கை வைக்கிறேன் மாப்ள” என்று சொல்லிவிட்டு, உன் காலி நாற்காலியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வேலையை ஆரம்பித்தேன். முடித்து ஏற்றியபோது சர்வர் மறுத்தது. வரலாற்றைத் திருத்தினால் அது எப்போதும் மறுக்கும்தானே, அதனால் சந்தேகமே வரவில்லை. ‘அங்கே இருப்பதைத் தூக்கிவிடு, என்னுடையதை வை’ என்று வலுக்கட்டாயமாக ஏற்றிவிட்டேன். காலையிலேயே நீ வீட்டிலிருந்து ஒன்றை ஏற்றியிருந்தாய் என்று எனக்குத் தெரியாது.

மதியம் போன் பண்ணினாய். “ஏத்திட்டேன் அப்பு. கீழ எழுதிருக்கேன் பாரு, வாசிச்சா நீ சிரிப்ப.”

“சரி சரி, அப்பறம் பாக்குறேன்.”

“பாரு. நான் செத்த நேரம் படுக்குறேன்.”

நீ எழுந்திருக்கவே இல்லை.

மூன்று வாரம் அந்தக் கிளைப் பக்கமே நான் போகவில்லை. திறந்தால் உன் பெயர் வரும் என்று பயம். பிறகு ஒருநாள் மனதைத் தேற்றிக்கொண்டு திறந்தேன். அன்றைய தேதியில் உன் பெயரே இல்லை. என் பெயர் மட்டும், சுத்தமாக. அப்போதுதான் விஷயம் புரிந்தது. சர்வரைத் துழாவினேன். யாருக்கும் வேண்டாததை இரண்டு வாரத்தில் அது தானே துடைத்துவிடும், துடைத்திருந்தது. உன் லேப்டாப் இருக்கிறதே என்று வீட்டுக்கு ஓடினேன். உன் தங்கச்சி படிப்புக்கு எடுத்திருந்தாள். “கடையில குடுத்து எல்லாத்தையும் அழிச்சுப் புதுசாக்கிட்டேண்ணே, இப்ப நல்லா ஓடுது” என்றாள். நல்லதும்மா என்றேன். வேறென்ன சொல்ல? அந்தப் பிள்ளை மேல் என்ன தப்பு?

கிளம்பும்போது உன் அத்தா என் கையைப் பிடித்துக்கொண்டார். “கடைசியா அவன் என்ன எழுதுனான் தம்பி? கம்ப்யூட்டர்ல எழுதுவான்னு சொல்லுவீங்கள்ல. வாசிச்சுக் காட்டுங்க.”

நான்தான் அழித்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். நீ போனதற்கு முந்தின வாரத்தில் நீ எழுதிய ஒன்றை, நான் ஒன்றாக்காமல் விட்டுவைத்த ஒன்றை, என் லேப்டாப்பில் திறந்து அதுதான் கடைசி என்று வாசித்தேன். ‘பூ வரத்துப் பக்கம் பாதி முடிஞ்சிருச்சு. பசிக்குது. சாப்டு வாரேன்.’

அத்தா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் கேட்டார்.

“சாப்ட்டானா தம்பி?”

“சாப்ட்டான் அத்தா” என்றேன்.

அவர் தலையாட்டிக்கொண்டார். இப்போது பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்கிறாராம், பிள்ளை வயிறாரச் சாப்பிட்டுவிட்டுத்தான் போனான் என்று.