ஒரு முகவரித் திருத்தம்

நேற்று மத்தியானம் கல்லூரிக் கணினி அறையில், ஒரு திரையின் அடிப்பகுதியைப் பார்த்ததும் எனக்குப் பழைய பயம் திரும்ப வந்துவிட்டது. உன்னிடம் சொல்லாமல் இதை வேறு யாரிடம் சொல்வது? நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப் போகிறது. இருந்தாலும் பயம் வந்தால் முதலில் உன் ஞாபகம்தான் வருகிறது.

எங்கள் இதழியல் மாணவர்கள் இந்தப் பருவத்தில் ஆளுக்கொரு வலைப்பூ தொடங்க வேண்டும். அவர்களுக்கு ஆசிரியை நான்தான். சிரிக்காதே. ஒவ்வொரு திரையாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். சமையல், கிரிக்கெட், ஒருத்தன் தன் பூனையைப் பற்றி. கடைசி வரிசையில் நிவேதா உட்கார்ந்திருந்தாள். நங்கநல்லூரில் அவள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு குளம் இருக்கிறது. அதில் கட்டட இடிபாடுகளைக் கொண்டுவந்து கொட்டுகிற லாரிகளை, நம்பர் பிளேட் தெளிவாகத் தெரிகிற மாதிரி படம் பிடித்துப் போட்டு எழுதியிருந்தாள். முந்தின நாளே அதை வெளியிட்டும் விட்டாள். நன்றாகத்தான் இருந்தது. பக்கத்தின் அடிக்கு வந்தேன். ஆசிரியர், வெளியிடுபவர் என்று அவள் பெயர். கீழே கதவு எண், தெரு, கைப்பேசி எண்.

"இதை எதுக்கும்மா போட்டே?" என்றேன்.

"நீங்கதானே மிஸ் சொன்னீங்க, பேரு விலாசம் போடாம எழுதினா அது மொட்டைக் கடுதாசின்னு."

நானா சொன்னேன்? நீ சொன்னது அது. இத்தனை வருஷமாக வகுப்பில் என் சொந்தச் சரக்கு மாதிரி எடுத்து விட்டுக்கொண்டிருக்கிறேன். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

தொண்ணூறுகளின் கடைசியில், நாம் படிக்கும்போது, வலைப்பூ என்ற சொல் நம் காதுக்கு வந்திருக்கவில்லை. 'ஹோம் பேஜ்' என்போம். யாரோ நம் துறைக்கு நாலு கணினி வாங்கிக் கொடுத்துவிட்டார்கள். சும்மா வைத்திருக்க முடியுமா? இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஒரு பக்கம் தொடங்குங்கள் என்று துறைத்தலைவர் சொல்லிவிட்டார். நீயும் நானும் சேர்ந்ததைப் பார்த்து வகுப்பே சிரித்தது. மயிலாப்பூர்க் குளத்தை ஒட்டிய சந்திலிருந்து தயிர்சாத டப்பாவோடு வருகிற பயந்தாங்கொள்ளி நான். அடையாற்றங்கரைக் குடிசையிலிருந்து அண்ணனுடைய சைக்கிளில் வந்து இறங்குகிறவள் நீ. காரணம் ரொம்பப் பெரியதில்லை. உன்னிடம் சைக்கிள் இருந்தது, எங்கள் வீட்டில் ஃபோன் இருந்தது.

எதைப் பற்றி எழுதுவது என்று நாம் யோசிக்கவே இல்லை. உங்கள் தெருவுக்கு வர வேண்டிய தண்ணீர் லாரி வாரத்தில் பாதி நாள் வருவதில்லை. பாலம் வரைக்கும் வந்து, அங்கிருந்து திரும்பிப் போகும். ஒருநாள் அதன் பின்னால் போனோம். நீ மிதித்தாய், நான் கேரியரில். நந்தனம் சிக்னலில் லாரியைத் தவறவிட்டதும் நான் திரும்பிவிடலாம் என்றேன்.

"ஒழுகிக்கினே போயிருக்குது பாரு. கோடு காயறதுக்குள்ள புட்ச்சிடலாம். நீ கீழ பாத்து சொல்லிக்கினே வா."

தார் ரோட்டில் தண்ணீர்க் கோடு கிடந்தது. வெயிலில் ஓரமெல்லாம் காய ஆரம்பித்திருந்தது. இடது, இடது, நேரே என்று நான் சொல்லிக்கொண்டே வந்தேன். தி. நகரில் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்வாசலுக்குள் போய் அந்தக் கோடு முடிந்தது. உள்ளே தொட்டியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. "எங்க குடத்துத் தண்ணிடி அது" என்று மட்டும் சொன்னாய்.

அதை அப்படியே எழுதினோம். கடைசியில்தான் நம் மேதாவித்தனம். அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இல்லாமல் எந்தப் பத்திரிகையும் வரக் கூடாது என்று சட்டப் பாடத்தில் படித்திருந்தோம். இணையத்தில் ஏது அச்சகம்? வகுப்பில் வேறு யாரும் அதைப் போடவில்லை. சட்டப் பாடத்தில் முதல் இரண்டு இடம் வாங்கிய நாம் மட்டும் போட்டோம். தபால் ஒழுங்காக வந்து சேர்கிற வீடு எங்களுடையது. ஆகவே என் பெயர், எங்கள் கதவு எண், ஃபோன் நம்பர். பெயர் மட்டும் போதாதா என்று நான் இழுத்தேன். அப்போதுதான் நீ அந்த மொட்டைக் கடுதாசி வாக்கியத்தைச் சொன்னாய்.

தொடக்க விழா ஞாபகம் இருக்கிறதா? குத்துவிளக்கைக் கணினிக்குப் பக்கத்தில் வைக்கப் பயந்து வராந்தாவில் ஏற்றினார்கள். மவுஸை என்ன செய்வதென்று தெரியாமல் சிறப்பு விருந்தினர் திரையையே விரலால் அமுக்கினார். வந்தவர்கள் வீட்டில் இன்டர்நெட் ஏது? எல்லாப் பக்கங்களையும் தாளில் எடுத்து, ஃபைலில் போட்டு, ஆளுக்கு ஒன்று கொடுத்து அனுப்பினார்கள். உலகமே பார்க்கும் என்று போட்டோம். உலகம் பார்க்கவில்லை, அந்தத் தாள்களில் ஒன்று கைமாறிப் போய் தி. நகர் பார்த்துவிட்டது.

அந்த வாரமே ஃபோன் வந்தது. எடுத்தது அம்மா.

"யாருடி அவன்? 'இன்டர்நெட் பேப்பர் உங்க வீட்லேர்ந்துதான் வருதா'ன்னு கேக்கறான். நாங்க பேப்பரே வாங்கறதில்லேன்னு சொல்லி வெச்சுட்டேன்" என்றாள்.

நானும் சிரித்தேன். அடுத்த முறை நான் எடுத்தேன். ரொம்பப் பொறுமையான குரல்.

"லாரி மேட்டர் எழுதினது நீதானா பாப்பா? எந்த பிரஸ்ல அடிச்ச? கொளத்தாண்ட பஸ் ஏறுவியே, மஞ்ச சுடிதாரு. நீதான அது?"

ரிசீவரை வைத்துவிட்டுக் குளியலறைக்குப் போய் வாந்தி எடுத்தேன். மஞ்சள் சுடிதாரைப் பெட்டியின் அடியில் போட்டுப் பூட்டினேன். பூட்டினால் என்ன, எங்கள் சந்து முனைத் தையற்கடை வாசலில் ஒருவன் பைக்கைச் சாய்த்து நிறுத்திவிட்டு நிற்க ஆரம்பித்துவிட்டான். எதுவும் பேச மாட்டான். நான் போகும்போது ஒருமுறை பார்ப்பான், வரும்போது ஒருமுறை பார்ப்பான். ஃபோன் மணி அடித்தால் கையிலிருப்பதைக் கீழே போட்டேன். அப்பாவுக்குத் தெரிந்தால் என் படிப்பு அன்றோடு சரி. ஆனால் அதைக் காட்டிலும், அந்தக் குரல் அப்பாவிடம் இதே பொறுமையோடு பேசிவிடுமோ என்பதுதான் என்னைத் தின்றது.

கல்லூரிப் பஸ் நிறுத்தத்தில் உன்னிடம் சொன்னேன், பக்கத்தை எடுத்துவிடுவோம் என்று.

"ரொம்ப பயமா கீதா உனக்கு?"

"உனக்கு இல்லையா?"

"பயமாத்தான் கீது. இன்னா பண்ணச் சொல்ற?" என்றாய். பிறகு, "நாளைக்கு ஒருநா பொறு, நான் பாத்துக்கறேன்" என்று சைக்கிளில் ஏறிப் போய்விட்டாய்.

மறுநாள் நீ கல்லூரிக்கு வரவில்லை. சாயங்காலம் நான் திரும்பும்போது தையற்கடை வாசலில் பைக்கும் இல்லை. நிம்மதி வர வேண்டும், வரவில்லை. நேரே லஸ்ஸில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். செருப்பை வெளியே விட்டு, ஏசிக் குளிரில் உட்கார்ந்து, பக்கம் மேலிருந்து ஒவ்வொரு வரியாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கணினியில் நம் தமிழ் எழுத்துரு கிடையாது. எல்லாம் கிறுக்கலாக வந்தது. எண்கள் மட்டும்தான் எந்தக் கணினியிலும் சரியாகத் தெரியும். அடி வரைக்கும் வந்தது. எங்கள் கதவு எண் இல்லை. எங்கள் ஃபோன் நம்பர் இல்லை.

பையிலிருந்து ஃபிளாப்பியை எடுத்துச் செருகி எழுத்துருவை ஏற்றினேன். அவசரத்தில் இரண்டு தடவை தப்பாகப் போட்டேன். கிறுக்கல் தமிழானது.

'திருத்தம். முன்னர் வெளியான ஆசிரியர் பெயரும் முகவரியும் தவறானவை. சரியான விவரம் கீழே. தவறுக்கு வருந்துகிறோம்.'

கீழே உன் பெயர் மட்டும். பாலத்துக்குக் கீழே, மூன்றாவது வரிசை, அடிபம்புக்கு எதிர்வீடு. தேடி வருகிறவன் யாரையும் வழி கேட்க வேண்டாதபடிக்கு எழுதியிருந்தாய்.

பஸ் பிடித்து ஓடி வந்தேன். வழியெல்லாம் உன்னை என்ன செய்திருப்பார்கள் என்றே மனது ஓடியது. நீ வாசலில் குடத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாய். பக்கத்தில் சைக்கிள் கிடந்தது, முன்சக்கரம் அப்பளம் மாதிரி நெளிந்து. உன்னைக் கட்டிக்கொண்டு அழுதேன். நீ என் தலையில் தட்டிவிட்டுத்தான் சொல்ல ஆரம்பித்தாய்.

காலையில் ஒரு பிரவுசிங் சென்டரில் பக்கத்தை மாற்றி, ஒரு தாள் அச்செடுத்து, நேராகத் தையற்கடைக்குப் போய் அந்த பைக் ஆளிடமே கொடுத்திருக்கிறாய். "பழைய பேப்பர்ல வெலாசம் தப்பா பூட்ச்சுண்ணா. இதான் கரீட்டு."

மத்தியானம் மூன்று பேர் வந்துவிட்டார்கள். எந்த பிரஸ், மொத்தம் எத்தனை காப்பி என்று கேட்டிருக்கிறார்கள். பிரஸ்ஸே கிடையாது என்று நீ உண்மையைச் சொல்ல, அவர்கள் நம்பவில்லை. அதற்குள் உங்கள் தெருப் பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து உன் வாசலில் குடம் வைத்து வரிசை போட ஆரம்பித்தார்களாம். லாரி வராத நாள் அது.

"இன்னா, தண்ணி வருதா?" என்று ஒருவன் கேட்டிருக்கிறான்.

"நீங்களே வந்துகீறீங்க, தண்ணி வராதா?" என்றாளாம் வரிசையில் முதலில் நின்றவள்.

நீ உள்ளே போய் இருந்த தாளையெல்லாம் கொண்டுவந்து கொடுத்தாய். அவர்கள் கிழித்து ஆற்றில் போட்டார்கள். சைக்கிளை மிதித்தார்கள். இனிமேல் எதுவும் வராதே என்று கேட்டதற்கு, "பேப்பரு அவ்ளோதாண்ணா" என்றாய். அது பொய்யில்லை. பேப்பர் அவ்வளவுதான்.

"கை நடுங்கறது தெரியக் கூடாதுன்னு குடத்தைப் புட்ச்சிக்கினேன்டி. குடமும் சேர்ந்து ஆடுச்சு" என்று நீ சொன்னபோது இருவரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டே நீ திடீரென்று அழுதாய். நீ அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

இணையத்தில் பக்கம் அங்கேயே இருந்தது. லாரி கொஞ்ச நாள் ஒழுங்காக வந்தது, பிறகு பழையபடி ஆனது. நாம் ஜெயித்தோம் என்று நான் எங்கேயும் சொல்லிக்கொண்டதில்லை. அந்த இலவச இணையதளமும் ஒருநாள் மூடப்பட்டுவிட்டது. உங்கள் தெருவையே ஊருக்கு வெளியே கொண்டுபோய் அடுக்குமாடியில் அடைத்தார்கள். நீ அங்கிருந்து தினமும் இரண்டு பஸ் மாறி வந்து, நாளிதழில் கடைசிவரை நிருபராக இருந்தாய். எத்தனையோ செய்தி எழுதினாய். நீ எழுதி வெளியிட்ட ஒரே பொய் அந்தத் திருத்தம்தான்.

ஆஸ்பத்திரியில் கடைசியாக உன்னைப் பார்த்தபோது, வலி எப்படி இருக்கிறது என்று கேட்கத் தைரியமில்லாமல், பயமாக இருக்கிறதா என்று கேட்டேன். பஸ் நிறுத்தத்தில் சொன்ன அதே பதிலைச் சொன்னாய். அதே வார்த்தைகள்.

நேற்று நிவேதாவிடம் முகவரியை எடுத்துவிடச் சொன்னேன். "அப்ப மொட்டைக் கடுதாசி பரவாயில்லையா மிஸ்?" என்று கேட்டாள். கிண்டலில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். வீட்டில் அவளும் அவள் அம்மாவும் மட்டும்தான். அந்த லாரிக்காரர்களுக்கு இப்போதெல்லாம் தாள் வேண்டாம், ஆளுக்கொரு கைப்பேசி இருக்கிறது.

அவளைக் கொஞ்சம் நகரச் சொல்லிவிட்டு நான் தட்டினேன். எழுதியவர் என்று அவள் பெயரை மட்டும் விட்டுவைத்தேன், அதை எடுக்க அவள் சம்மதிக்கவில்லை. 'திருத்தம். முன்னர் வெளியான முகவரி தவறானது. தவறுக்கு வருந்துகிறோம்.' வெளியிடுபவர் என்ற இடத்தில் என் பெயர். அபிராமபுரம், எங்கள் கதவு எண், மாடி, என் கைப்பேசி எண். ஒவ்வொரு எழுத்துக்கும் விரல் நடுங்கியது. பிடித்துக்கொள்ளக் குடம்கூட இல்லை. நிவேதா பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்று காலையிலிருந்து தெரியாத எண்ணிலிருந்து இரண்டு அழைப்பு. எடுத்தால் பேச்சில்லை. வங்கிக் கடன் விற்கிறவர்களாகவும் இருக்கலாம். வயசுக்கு ஏற்றபடி பயம் குறையும் என்று நினைத்திருந்தேன். துளியும் குறையவில்லை.

இதோ, காலிங் பெல் அடிக்கிறது. கூரியராக இருக்கலாம், கீழ்வீட்டுப் பையனாக இருக்கலாம். மறுபடியும் அடிக்கிறது.

பயமாத்தான் கீது. இன்னா பண்ணச் சொல்ற? எழுந்து போய்த் திறக்கிறேன்.