நிறுத்தாமல் கத்திய எலி

இன்று காலை எங்கள் வீட்டுப் பொறியில் ஒரு எலி மாட்டியது. என் மகன் அதை விறகுக்கட்டையால் அடித்தான். மூன்றாவது அடிவரை கத்தியது. நீங்கள் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் உங்களுக்குத்தான் எழுதத் தோன்றியது.

எழுபதுகளின் கடைசி. சேலத்தில் நீங்கள் விலங்கியல் விரிவுரையாளர், நான் நாளிதழ் நிருபர். கூலியை உயர்த்தக் கேட்டதற்காக, ஜலகண்டாபுரத்தில் விசைத்தறி ஓட்டிய செங்கோடனை முதலாளியின் ஆட்கள் இரும்புக் கம்பியால் அடித்தார்கள். இரண்டு காதுக்கும் மேலே, மண்டை பிளக்க. வேலையும் போயிற்று. தலைக்கட்டைப் பிரித்த கையோடு வேலையைத் திரும்பக் கேட்கப் பேச்சுவார்த்தைக்கு வந்தார். "யாரையும் பேசவிடாமல் கத்தினார்" என்று எழுதினேன். நான் கண்டது அதுதான். முதலாளி அந்தச் செய்தியைக் காட்டியே, "இந்த ரவுடிக்கா தறி?" என்றார்.

மறுநாள் என் சட்டையைப் பிடித்து ஆய்வகத்துக்கு இழுத்துப் போனீர்கள். ஒரு எலியின் வாலை இடுக்கியால் நசுக்கினீர்கள். அது வீறிட்டது. பக்கத்துக் கூண்டில் கத்திக்கொண்டிருந்த எலி சட்டென்று அடங்கிக் கேட்டது, பிறகுதான் கத்தியது. இன்னொரு எலியின் மண்டையைத் துளைத்து, மூளையில் கேட்கும் பகுதியைச் சுட்டிருந்தீர்கள். கழுத்தில் இரத்தம் காய்ந்திருந்தது. அது கத்துவதை நிறுத்தவே இல்லை.

"தொண்டைக்கு ஒண்ணும் ஆகலைங்க. கேக்கற எடம் போச்சு. எப்ப நிறுத்தறதுன்னு தெரியல."

"செங்கோடனுக்கும் இதேதானுங்களா?"

"அவரு மண்டைய நான் தொறந்து பாக்கலையே! நீங்க அவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா, நிருபரே? உங்க காது நல்லாத்தானே இருக்குது?"

நான் கேட்டிருக்கவில்லை.

விசாரித்து எழுதிக் கொடுத்தேன்; நாளிதழின் உள்பக்கத்தில் இரண்டு வரி திருத்தம் வந்தது. அதற்குள் செங்கோடனின் தறியில் வேறு ஆள். மன்னிப்புக் கேட்க அவர் வீட்டுக்குப் போனோம். "அவருக்குக் கேக்காதுங்க, மொகத்தப் பாத்துச் சொல்லுங்க" என்றார் அவர் மனைவி. நான் கைகூப்பினேன். செங்கோடன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஓங்கி அறைந்தார், காதோடு சேர்த்து. சுவரில் மோதி விழுந்தேன். வாயெல்லாம் உப்புக் கரித்தது. நீங்கள் தடுக்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் ஏதோ சொன்னேன். முன்சீட்டுக்காரர் திரும்பி முறைத்தார். நீங்கள் என் தோளைத் தொட்டு, "கத்தறீங்க" என்றீர்கள்.

பத்து நாளில் காது தெளிந்தது. அதன்பின் எத்தனையோ அடிதடி, கொலை வழக்குகள் எழுதிவிட்டேன். இன்றுவரை எந்த மனிதரையும் 'கத்தினார்' என்று எழுதியதில்லை. 'சொன்னார்' என்றே எழுதுகிறேன்.