கையில் இருந்தது குடை

இராணுவ முகாம்,
கொழும்பு.
19.08.1953

அன்புள்ள சுல்பிகாவுக்கு,

ஸலாம். நீயும் வாப்பாவும் அல்லாஹ்வின் காவலில் சுகமாக இருக்க வேண்டும். நீ அனுப்பிய சாரன் இரண்டும் கிடைத்தன.

அரிசி விலைக்காக ஹர்த்தால் நடந்த அன்று எங்களை ஒரு றெயில் கடவையில் நிறுத்தினார்கள். சனம் கல் எறிந்தது உண்மை. கப்டன் சுடச் சொன்னார். சனம் திரும்பி ஓடத் தொடங்கிய பிறகும் சுட்டோம். எனக்கு நேரே ஓடிய ஒருவன் முதுகில் குண்டு பட்டு விழுந்து செத்தான். அது என் குண்டு. அவன் கையில் ஒரு குடை மட்டும் இருந்தது.

இரண்டு நாள் கழித்து, அவன் இரும்புக் கம்பியோடு எங்களை அடிக்க வந்தான் என்று எழுதிய வாக்குமூலத்தில் எல்லோரும் ஒப்பம் வைத்தோம். நானும் வைத்தேன்.

யாரிடமும் சொல்லாதே. உனக்குச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

உன்
மீராமுகைதீன்


சாய்ந்தமருது.
27.08.1953

அன்பு மச்சானுக்கு,

கடிதத்தை அடுப்படியில் வைத்து வாசித்தேன். சுகமாம் என்றுதான் வாப்பாவிடம் சொன்னேன். பிறகு வேறு யாரையோ பற்றிக் கேட்பது போல, "பட்டாளத்தில ஒருத்தன் சொல்லுக் கேட்டுச் சுட்டா பாவம் ஆருக்கு வாப்பா?" என்று கேட்டேன்.

"சொன்னவனுக்குத்தான் மகள். சுட்டவன் என்ன செய்யிற?"

எனக்கு நெஞ்சு கொஞ்சம் ஆறியது. நீங்களும் அப்படியே ஆறிக்கொள்ளுங்கள். எனக்கு இது ஆறாம் மாதம். எதையும் கிளற வேண்டாம்.

ஆனால் ஒன்று, மச்சான். சுடும்போது யோசிக்க நேரம் இருந்திருக்காது. ஒப்பம் வைக்க இரண்டு நாள் இருந்ததே.

சுல்பிகா


கொழும்பு.
10.09.1953

சுல்பிகாவுக்கு,

நீ கடைசியாக எழுதியதை எத்தனை முறை வாசித்தேன் என்று தெரியாது.

லீவு நாளில் சீருடை இல்லாமல், நீ அனுப்பிய சாரனைக் கட்டிக்கொண்டு, செத்தவனின் வீட்டை விசாரித்துப் போனேன். பெயர் பியதாச. தச்சு வேலை. கூட வேலை செய்தவன் என்று நினைத்து அவன் மனைவி பிளேன்டீ தந்தாள். "கம்பி கொண்டு போனார் என்று பத்திரிகையில் வந்ததிலிருந்து அவருடைய அண்ணன்கூட இந்தப் பக்கம் வருவதில்லை. நீங்கள் அங்கே இருந்தீர்களா?" என்று சிங்களத்தில் கேட்டாள்.

"இருந்தேன். கையில் குடைதான் இருந்தது. சுட்டது நான்."

அவள் மடியில் இருந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

வாக்குமூலத்தை மாற்ற வேண்டும் என்று கப்டனிடம் சொன்னேன். "விசாரணை முடிந்துவிட்டது. வாயைத் திறந்தால் நீதான் மறியல் சிறைக்குப் போவாய்" என்று சொல்லி ஒரு மாத லீவு தந்தார். நீதவானிடம் போகலாம். ஊருக்கு வர மட்டக்களப்பு றெயிலிலும் ஏறலாம். உன் பதில் வரும்வரை இங்கேயே இருப்பேன். ஊருக்கு வரட்டுமா?

மீராமுகைதீன்


சாய்ந்தமருது.
17.09.1953

மச்சானுக்கு,

வாப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பாதிச் சோற்றில் கையைக் கழுவினார்.

"மருமகன வரச் சொல்லு மகள். பொறக்கப்போற புள்ளைக்கு வாப்பா வேணும்."

"அந்தப் புள்ளைக்கும் வேணுமே வாப்பா."

அதற்குப் பிறகு அவர் என்னோடு கதைக்கவில்லை.

ஊருக்கு வர வேண்டாம், மச்சான். நீதவானிடம் போங்கள். மறியலில் எழுத விட்டால் எழுதுங்கள், ஒவ்வொன்றுக்கும் பதில் போடுவேன். பிள்ளை பிறந்ததும் அறிவிப்பேன்.

எல்லாம் முடிந்த பிறகு வீட்டுக்கு வருவதைப் பற்றி மட்டும் இப்போது கேட்காதீர்கள். வாருங்கள் என்று எழுதவும் கை வரவில்லை. வர வேண்டாம் என்று எழுதவும் வரவில்லை.

சுல்பிகா