அருந்ததி தெரியும் இடம்

சிவமயம்

பிரிக்ஃபீல்ட்ஸ், கோலாலம்பூர்
9-5-1926

அன்பு மகன் தங்கரத்தினத்துக்கு,

கந்தசுவாமி காவலில் நாங்கள் மூவரும் நடமாடுகிறோம். நீயும் அவ்வாறே பாக்தாத்தில் நோய் நொடியின்றி இருக்கவேண்டும் என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுகிறபடி எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போக இம்முறை என்னால் முடியவில்லை. உடம்பு எப்படி இருக்கிறது? காய்ச்சல் உண்டா, இருமல் உண்டா, படுக்கையில் வியர்க்கிறதா, உள்ளதை உள்ளபடி எழுது. பங்குனி முதல் வாரத்தில் நீ எழுதிய கடிதம் பம்பாய் சுற்றிச் சித்திரை நடுவில் வந்து சேர்ந்தது. அன்றிலிருந்து இந்த வீட்டில் ஒருவரும் வயிறாரச் சாப்பிட்டதில்லை.

பிழை என்னுடையது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் அண்ணன் சபாபதி போன நாளிலிருந்து அம்மாவின் மனதில் கிடக்கிற பயம் உனக்குத் தெரியும். கிள்ளான் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவன் அந்த வருடப் பிறப்புக்கு வீட்டுக்கு வந்து, முற்றத்தில் பாய் போட்டுப் படுத்து வானத்தைப் பார்த்துக்கொண்டு, ஏழு முனிவர் கூட்டத்தில் வசிட்டர் தனியே நிற்கிறார், அருந்ததி கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போய்விட்டாள் போலிருக்கிறது என்று பகிடி விட்டான். நாமெல்லோரும் சிரித்தோம். அருந்ததி கண்ணுக்குத் தெரியாதவனுக்கு ஆறு மாதம்தான் ஆயுள் என்று பழைய ஆட்கள் சொல்லுவதை அன்றைக்கு ஒருவரும் நினைக்கவில்லை. ஆடியில் மலேரியாக் காய்ச்சல் அவனைக் கொண்டுபோயிற்று. தோட்டம் முழுவதும் அந்தக் காய்ச்சல்தான், நட்சத்திரம் பார்த்தவர்களும் செத்தார்கள் பார்க்காதவர்களும் செத்தார்கள் என்று எட்டு வருடமாக அம்மாவுக்குச் சொல்லிச் சொல்லி வாய் நோகிறது. நீ பாலைவனத்து ஊருக்கு ரயில்வே உத்தியோகமாகப் போனதும் எனக்கு ஒரு புத்தி தோன்றியது. அங்கே மழையும் இல்லை முகிலும் இல்லை, வானம் கழுவித் துடைத்ததுபோல இருக்கும், எனவே அருந்ததியைப் பார்த்து ஒரு வரி எழுது, அம்மா ஆறுதல் அடைவாள் என்று தை மாதத்தில் நான்தானே உனக்கு எழுதினேன். நீயாகவா பார்த்தாய்? இல்லை. சும்மா கிடந்த பிள்ளையை நான் அண்ணாந்து பார்க்க வைத்தேன்.

அதிலும் பெரிய பிழை ஒன்று செய்தேன். உன் கடிதம் வந்தால் நான் உறையைக் கிழித்து உரத்து வாசிப்பேன், அம்மாவும் தங்கச்சி தனலெட்சுமியும் எதிரில் இருந்து கேட்பார்கள், அதுதானே நம் வீட்டு வழக்கம். முதலில் ஒருதரம் எனக்குள்ளே வாசித்திருக்கலாம். முப்பது வருடம் ஆபீஸ் கடதாசி பார்த்தவனுக்கு அந்த யோசனை வரவில்லை. வீட்டு மொட்டைமாடியிலிருந்து மூன்று இரவு பார்த்தேன், வசிட்டர் தெரிகிறார், பக்கத்தில் ஒன்றையும் காணவில்லை என்று நீ எழுதிய வரியையும் மற்ற வரிகளின் வேகத்திலேயே வாசித்துவிட்டேன். அம்மா அழவில்லை. "என்ன, காணேல்லையெண்டோ எழுதியிருக்கிறான், திரும்ப வாசியுங்கோ" என்றாள். திரும்ப வாசித்தேன், வேறு என்ன செய்ய. பிறகு பங்குனி, சித்திரை, வைகாசி என்று விரல் மடக்கிக்கொண்டு வந்து ஆவணியில் நிறுத்தினாள். தனலெட்சுமியின் கலியாணமும் ஆவணியில்தானே. அதை ஐப்பசிக்குப் பிறகு வைக்கலாம் என்று மாப்பிள்ளை வீட்டாருக்கு அம்மாவே போய்ச் சொல்லிவிட்டு வந்தாள், காரணம் சொல்லவில்லை. அவர்கள் என்ன குறை கண்டீர்கள் என்று முகத்தை முறித்துக்கொண்டார்கள். தங்கச்சி கூறைச் சேலையை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டாள். மணவறையில் பெண்ணுக்கு அருந்ததி காட்டுகிற சடங்கே வேண்டாம் என்றும் அம்மா சொல்கிறாள், அதற்குக் குருக்கள் சம்மதிப்பாரா என்று தெரியவில்லை.

இனி நான் சொல்வதைக் கவனமாகக் கேள். போன ஞாயிற்றுக்கிழமை கிள்ளானுக்குப் போய் இராமலிங்கத்தைப் பார்த்தேன். யுத்தத்தின் கடைசியில் போய், நீ இப்போது இருக்கிற ஊரில் மூன்று வருடம் ரயில்வேக் கிராணியாக இருந்தவர், அந்த மண்ணின் புழுதி இன்னமும் தன் பெட்டியில் இருக்கிறது என்கிறார். பாக்தாத்தில் நட்சத்திரம் பார்க்க எந்த இடம் நல்லது என்று கேட்டேன், எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதோ என்று பார்த்தார். விஷயத்தைச் சொன்னதும் பெண்சாதியை உள்ளே போகச் சொல்லிவிட்டு, ஒரு கடதாசியில் கோடு போட்டுக் காட்டினார். மொட்டைமாடி உதவாதாம். ஊர் முழுவதும் கோடையில் மாடியில்தான் படுக்கிறது, மாடிக்கு மாடி விளக்கு, கடைத்தெருவில் மின்சார வெளிச்சம், அதற்குமேல் பகல் முழுவதும் எழும்பிய தூசி. ஆற்றங்கரைக்கும் போகாதே, பேரீச்சந்தோப்பும் நீராவியும் வடக்குப் பக்கத்தை மறைத்துவிடுமாம். மேற்கே தூரத்தில் பழைய மண்கோபுரம் ஒன்று இடிந்து நிற்கிறதாம், அங்கே வானம் அருமையாக இருக்குமாம், ஆனால் வழிப்பறிக்காரரும் நாயும் உண்டு, ஆகவே உனக்கு அது வேண்டாம். நல்ல இடம் வடக்கு லைனில் ஊரைத் தாண்டி வருகிற இரண்டாவது சின்ன ஸ்டேஷன். மாலை ரயில் போனதும் ஸ்டேஷன் மாஸ்டர் விளக்கை அணைத்துவிடுவாராம், பிறகு நாலு பக்கமும் வெறும் தரைதானாம். ரயில்வே உத்தியோகத்தன் என்று சொன்னால் படுக்க இடம் தருவார், விடியற்காலை ரயிலில் திரும்பலாம். தூசிக்காற்று அடித்தால் அது அடங்கி இரண்டு நாள் கழித்துப் போ. இந்தக் கடிதம் உன் கைக்கு வர வைகாசி அமாவாசை கழிந்துவிடும், ஆகவே ஆனி அமாவாசை, ஜூலை ஒன்பதாம் திகதியை ஒட்டிப் போ. அரைமணி நேரம் விளக்கையோ தீக்குச்சியையோ பார்க்காமல் இரு, கண் இருட்டுக்குப் பழகட்டும். நேரே முறைத்துப் பார்க்காமல் வசிட்டருக்குச் சற்றுப் பக்கவாட்டில் பார். கம்பளி கொண்டு போ. இவ்வளவையும் சொன்ன மனிதரிடம், நீங்கள் அங்கே இருந்தபோது அருந்ததி தெரிந்ததா என்று கேட்டேன். "நாங்கள் ஒருத்தரும் அந்தப் பக்கம் அண்ணாந்து பாக்கிறேல்லை, அண்ணை" என்றார்.

போகுமுன் கண்வைத்தியரிடம் காட்டு. சின்ன வயதிலேயே நீ புத்தகத்தை மூக்கோடு ஒட்டிக்கொண்டு படிக்கிறவன், கண்ணாடி போட்டால் தெரிந்துவிடும் என்று எனக்கு ஒரு நப்பாசை. அம்மாவோ கண்ணாடியால் பார்த்தால் அது கணக்கில் சேருமா என்று கேட்கிறாள். குருக்களிடமும் கேட்டாள், அவர் விபூதியைக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் திரும்பிவிட்டார். இப்போது பின்னேரம் ஆனால் அம்மா முற்றத்தில்தான். ரயில் எஞ்சின் புகைக்கும் மழை முகிலுக்கும் இடையில் வானம் தெரிந்தால்தானே. போன வியாழன் மழை விட்டுச் சற்று வெளித்தது. அதோ வசிட்டர், அதோ பக்கத்தில் அவள் என்று விரலை நீட்டிக் காட்டினாள். நானும் ஓம் ஓம் என்றேன். தம்பி, எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரே ஒரு நட்சத்திரம்தான் நின்றது. இதை அம்மாவுக்கு எழுதிவிடாதே. ஐம்பத்தெட்டு வயதுக் கண், எனக்கு எது வந்தாலும் காரியமில்லை. ஆனால் அம்மா உள்ளே போன பிறகும் நான் அங்கேயே நின்று அண்ணாந்து தேடினேன். எட்டு வருடம் நான் பேசிய நியாயம் ஒன்றுகூட அப்போது துணைக்கு வரவில்லை.

ஆகவே ஒன்று சொல்கிறேன். அருந்ததி தெரிந்தால் அன்றைக்கே எழுதித் தபாலில் போடு, ஆவணி முடியுமுன் வந்துவிடும். தந்தி மட்டும் அனுப்பாதே, சபாபதிக்கு வந்தது தந்திதான், தந்திச் சேவகனைக் கண்டால் அம்மா கதவைத் திறக்கமாட்டாள். தெரியாவிட்டால் தெரியவில்லை என்று எழுதாதே, தெரிந்தது என்று பொய்யும் எழுதாதே, உன் பொய் எனக்கு முதல் வரியிலேயே பிடிபட்டுவிடும். அப்படியானால் லீவு கேள், தராவிட்டால் வேலையை விட்டெறி, பசுராவில் கப்பலேறு. மிச்சமிருக்கிற நாள் எத்தனையானாலும் நீ இந்த வீட்டில் இருக்கவேண்டும். அம்மாவுக்காக என்று எழுத நினைத்தேன். எனக்காக வா.

எண்ணெய் தேய்த்து முழுகு, ஆற்றுத் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்காதே, மலேரியாவுக்குப் போடுகிற கொயினா மாத்திரையை நிறுத்தாதே. கடிதத்தின் கடைசியில் நூறு வயது வாழ்க என்று எழுதுவது என் பழக்கம். இன்றைக்கு அவ்வளவு கேட்கக் கை வரவில்லை. புரட்டாசி பிறக்கும்போது இரு, ராசா. ஐப்பசியிலும் இரு.

இங்ஙனம்,
உன் அப்பா
வே. சிவசம்பு