குறுக்குக் கோட்டில் ஒரு புள்ளி

நிலவுத் தளம், பயிர் அறை. ஆயுத பூஜை. 08:10
கீரை நன்றாக இருக்கிறது. தண்ணீர் போதும். தக்காளி பழுத்துவிட்டது. செடி வளர்க்கும் நீல விளக்கில் பழம் கறுப்பாகத் தெரியும். ஜன்னல் வெயிலில் பார்த்துத்தான் பறிப்பேன்.
இதைப் படிக்கிறவர்களுக்கு: நான் இருளப்பன், பயிர் பார்ப்பவன். எழுத்துத் தெரியாது. நான் சொல்வதை இந்தப் பேச்சுப் பெட்டி எழுதிக்கொள்கிறது. என்னைத் தவிர இங்கே இன்ஜினியர் பரிமளம் மட்டும்தான். காலையிலேயே எல்லா மெஷினுக்கும், என் மண்வெட்டிக்கும் குங்குமம் வைத்துவிட்டாள். எலுமிச்சம்பழம் இல்லையென்று தக்காளியை வண்டிச் சக்கரத்தடியில் வைத்து நசுக்கினாள். எனக்கு வயிறு எரிந்தது.

11:40
தரை குலுங்கியது. நடு அறைக் கதவு இறுகிக்கொண்டது. பரிமளம் உள்ளே. அவளுக்குக் காற்று அனுப்பும் ஃபேன் நின்றுவிட்டது. பூமியோடு பேச்சில்லை. ஃபேனின் ஒயர்ப் பெட்டி என் பக்கம், நடைபாதையில். ஒயர்கள் பிடுங்கிக்கொண்டு தொங்குகின்றன. ஸ்பீக்கரில் வந்தாள்.
“மாமா, பயப்படாதீங்க. பெட்டி மூடியில ஒரு படம் ஒட்டியிருக்கும். அதுல இருக்கறத அப்படியே சொல்லுங்க. எந்த ஒயர் எங்க போகணும்னு நான் சொல்றேன்.”

12:25
நடைபாதை இருட்டு. நீல விளக்கு ஒன்றை அதன் பேட்டரியோடு கழற்றி வந்து பிடித்தேன். படத்தில் நெட்டைக் கோடு, பக்கத்தில் குட்டைக் கோடு: பேட்டரியாம், நெட்டை பிளஸ். பாதி திறந்த கதவு போல ஒன்று: சுவிட்ச். ரம்பப் பல்: ரெசிஸ்டர். வட்டத்துக்குள் பெருக்கல் குறி: விளக்கு. வட்டத்துக்குள் இரண்டு மேடு: அதுதான் ஃபேன் மோட்டார். ஒருதரம் கேட்டால் எனக்கு மறக்காது. தரைத் தூசியில் விரலால் வரைந்து, வரிசையாக ஒப்பித்தேன்.
“பத்தாங்கிளாஸ் பாஸாயிட்டீங்க மாமா. சர்டிபிகேட் தர்றேன்.”
“மொதல்ல வெளிய வா தாயி.”

13:05
ஃப்யூஸ் எரிந்திருந்தது. மாற்று இல்லை. கம்பியைக் கட்டச் சொன்னாள், கட்டினேன். மிச்சம் இரண்டே ஒயர். அவளுக்கு மூச்சு வாங்கியது.
“ரெண்டு கோடு குறுக்க வெட்டுதா? வெட்டுற எடத்துல புள்ளி இருக்கா? இருந்தா சேத்து முறுக்கணும். இல்லேன்னா தொடவே கூடாது.”
“இருக்கு தாயி. கறுப்பா, மிளகு மாதிரி.”
“அப்ப முறுக்குங்க. சுவிட்சைப் போடுங்க.”

13:20
பேட்டரி புகைந்து செத்தது. ஸ்பீக்கரும் போனது. நான் பேசும் இந்தப் பேச்சுப் பெட்டிக்கு மட்டும் தனி பேட்டரி. கதவைத் தட்டினேன். அவளும் தட்டினாள். என்ன கேட்கிறாள் என்று தெரியவில்லை.

13:50
மூடியைக் கழற்றி ஜன்னலுக்குக் கொண்டுவந்தேன். வெயில் விழுந்தது. புள்ளி சிவப்பு. விரல் வைத்தேன், ஒட்டிக்கொண்டு வந்தது. அவள் வைத்த குங்குமம். அடியில் இரண்டு கோடும் ஒன்றையொன்று தாண்டிச் சும்மா போகின்றன.
தக்காளிக்கு ஜன்னல்வரை நடந்தேனே. இதற்கு நடக்கவில்லையே.

14:30
முறுக்கைப் பிரித்துவிட்டேன். இப்போது எல்லாம் படத்தில் உள்ளபடி. நீல விளக்கின் சின்ன பேட்டரியைக் கொடுத்துப் பார்த்தேன்; ஃபேன் அசையவில்லை. மண்வெட்டியால் கதவை நெம்பினேன், பிடி முறிந்தது. தட்டுவது மெதுவாகிறது. அவள் ஒன்று தட்டினால் நானும் ஒன்று. வேறென்ன செய்ய.

15:15
நான் மட்டும்தான் தட்டுகிறேன். தட்டிவிட்டுக் காதை வைக்கிறேன். தாயி, புள்ளி இல்லை. அங்கே புள்ளியே இல்லை. கேட்கிறதா. தட்டிவிட்டுக் காதை