ஏழு கட்டத்திலும் ‘இல்லை’

கூடத்திலிருந்து குளியலறை வரை தரையில் ஒட்டிய ஐந்து மஞ்சள் டேப்புகளும் இன்னும் அப்படியே இருக்கின்றன, அப்பா. பார்க்கின்சன் நோயில் கால் தரையோடு உறைந்து நிற்கும்போது, ஒரு கோட்டைத் தாண்டப் போவதாக நினைத்தால் அடி எழும் என்று அந்த பிசியோதெரபி பெண் ஒட்டியது. இன்று காலை துடைப்பம் பட்டு ஒன்றின் முனை பெயர்ந்தது. உன் மேல் உள்ள கோபமும் கூடவே கிளம்பிவிட்டது.

நீ போய் இரண்டு மாதம். உருக்கமாக எழுத என்னிடம் ஒன்றும் இல்லை.

பயிற்சி இந்த நோய்க்கு உண்மையிலேயே உதவுகிறதா என்று பார்க்கும் ஓர் ஆய்வில் நீ சேர்ந்திருந்தாய். பாதிப் பேருக்கு மாத்திரை மட்டும். பாதிப் பேருக்கு மாத்திரையோடு பயிற்சி. குலுக்கலில் உனக்குப் பயிற்சி விழுந்தது. வாரம் இருமுறை அந்தப் பெண் சிட்லபாக்கத்தில் நம் வீட்டுக்கு வந்தாள். நம்மிடம் கேட்டது ஒரே வேலை: விழுந்தாயா இல்லையா என்று தினமும் ஒரு நோட்டில் குறிக்க வேண்டும்.

உன் எழுத்து எறும்பளவு சுருங்கிவிட்டதால் நோட்டு என் கைக்கு வந்தது. தினமும் எனக்கு ஏது நேரம்? ஞாயிற்றுக்கிழமை காபி குடித்துக்கொண்டே கேட்பேன். “இந்த வாரம் எங்கயாச்சும் விழுந்தியா?”

“இல்லடா.”

ஏழு கட்டத்திலும் ‘இல்லை’. வேலை முடிந்தது.

சித்திரை வெயிலில் நீ முழுக்கைச் சட்டையோடு உட்கார்ந்திருப்பாய். பொத்தான் மாட்டவே உனக்குக் கால் மணி நேரம் ஆகும். அந்தப் பெண் வருகிறாள் என்றுதான் இந்த மாப்பிள்ளை ஜோர் என்று கிண்டலடித்தேன். நீயும் சிரித்தாய். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

நோட்டை நம்பித்தான் குளியலறையில் கைப்பிடி பதிப்பதைத் தள்ளிப் போட்டேன். மூன்று மாதமாக விழாத ஆளுக்கு எதற்கு? அங்கேயே விழுந்தாய். இடுப்பெலும்பு. பிறகு படுக்கை, நெஞ்சில் சளி. ஐந்தே வாரம்.

காரியம் முடிந்த அன்று கீழ்வீட்டு மேரி அக்கா வாயைத் திறந்தார். “மூணு தடவ நான்தான் தம்பி தூக்கி உக்கார வெச்சேன். முழங்கையெல்லாம் காயம். உன்கிட்ட சொல்லாதேன்னுட்டாரு. அந்தப் பொண்ணு சொல்லிக் குடுத்தும் விழுந்துகினு இருக்கேன்னு தெரிஞ்சா, அதுக்குக் கெட்ட பேராயிடுமாம்.”

கெட்ட பேராம். என்ன மனுஷன் நீ? திருமுடிவாக்கத்துப் பட்டறையில் அளவுக் கருவிகள் சரியாகக் காட்டுகின்றனவா என்று சோதிப்பதுதான் என் பிழைப்பு. அடுத்தவர் மனம் நோகக் கூடாதென்று தப்பாகக் காட்டிய கருவியை உன்னிடம்தான் பார்த்தேன். மேரி அக்கா சொல்லாமல் விட்டிருந்தால், உன் பொய்யும் அந்த ஆய்வில் ஒரு விடையாகச் சேர்ந்திருக்கும். அதை நம்பி இன்னொரு வீட்டில் எவனோ கைப்பிடி போடாமல் இருந்திருப்பான்.

போன வாரம் அந்தப் பெண் நோட்டை வாங்க வந்தாள். எல்லாவற்றையும் போட்டு உடைத்தேன். உன் மானத்தைக் காப்பாற்றும் எண்ணம் எனக்கு இல்லை.

“விழுந்தா எனக்கென்ன சார் கெட்ட பேரு?” என்றாள். “எங்க, எப்பன்னு தெரிஞ்சிருந்தா பயிற்சிய மாத்தியிருப்பேன்.” பக்கங்களைப் புரட்டியவள் நிமிர்ந்தாள். “இது தினமும் எழுதினதா சார்?”

ஏழேழு கட்டமாக ஒரே மை, ஒரே சாய்வு. பட்டறையில் எவனாவது ஒரு வாரத் தாளை இப்படி ஒரே மூச்சில் நிரப்பினால், கிழித்து அவன் மூஞ்சியில் எறிபவன் நான்.

பேனாவை எடுத்தேன். ஒவ்வொரு ‘இல்லை’யையும் ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் ‘தெரியாது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நான் முடிக்கும்வரை அவள் காத்திருந்து வாங்கிக்கொண்டு போனாள்.

உன்னை நான் மன்னிக்கவில்லை, அப்பா. ஆனால் அந்த நோட்டு முழுக்க என் கையெழுத்து. இப்போது யாராவது ‘ஒண்ணுமில்ல’ என்றால், என் கண் முதலில் அவர் முழங்கைக்குத்தான் போகிறது.